முதல் மணி நேரமும் முதல் பாலும்

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

பிறந்த குழந்தையின் காதில் பாங்கு சொல்ல நம்மை அழைக்கிறீர்கள்; மகிழ்வோடு வருகிறோம். ஆனால், தாய்ப்பாலுக்கு முன்பே தேனும் சர்க்கரைத் தண்ணீரும் அதன் நாவில் வைக்கப்படுவதைச் சில இல்லங்களில் கண்டு வருந்துகிறோம்.

பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் அண்ணத்தில் தடவும் தஹ்னீக் விரும்பத்தக்க சுன்னத்தாகும், ஃபர்ளு அன்று. உயிரைக் காப்பதோ கடமை. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலில் நச்சை உண்டாக்கி, மூச்சையே முடக்கவல்லது. ஆகவே தேன் அறவே வேண்டாம். தஹ்னீக்கையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.

ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால். ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். இதுவே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு ஈராண்டுகள் எனத் திருமறை (2:233) கூறுவதை நாம் அறிவோம்.

தறிக்கூடத்திலிருந்து திரும்பும் தந்தையரே! கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடல் கொதித்தாலோ, சில்லிட்டாலோ, ஓதிப் பார்க்க நம்மிடம் வருமுன் 108-ஐ அழையுங்கள். துஆவை நாம் மருத்துவமனைக்கே வந்து செய்வோம்.

வல்ல அல்லாஹ் நம் மழலைகளுக்கு நிறைவான ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.