புதுப் பிரிட்ஜுக்கு முன் ஒரு பத்து ரூபாய்த் தாள்



கரண்ட் பில் கட்ட உதவி கேட்டு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, வீட்டில் பிரிட்ஜ் எங்கே நிற்கிறது என்றுதான். சிலர் சிரிப்பார்கள். விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துவிடுகிறோம். இரவு பகலாக ஓடுவது அது ஒன்றுதானே.

சென்ற மாதம் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி, புதுப் பிரிட்ஜ் வாங்கக் கடன் கேட்டு வந்தார். பில்லுக்குப் பயந்து இரவில் அணைத்துவைப்பதாகச் சொன்னார். எங்களுக்குத் திக்கென்றது. அவருடைய மாமியாரின் இன்சுலினும் அதில்தான் இருக்கிறது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடேறிய பெட்டியைக் காலையில் மறுபடி குளிர்விக்கக் கம்ப்ரசர் நெடுநேரம் ஓடும். மிச்சமும் பெரிதாக இல்லை. தயவுசெய்து யாரும் இப்படிச் செய்யாதீர்கள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். அடுப்புக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி நின்றது. கதவிடுக்கில் பத்து ரூபாய்த் தாளை வைத்து மூடி இழுத்தோம். தடையில்லாமல் கையோடு வந்தது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர், கடைக்காரர் கேஸ்கெட் என்பாரே அது, கீழே கிழிந்திருந்தது. வெளிக்காற்று புகுந்து, பிரீசரில் விரல் கனத்துக்கு ஐஸ். ஐஸ் கட்டினால் நன்றாகக் குளிர்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் அது உள்ளே குளிர் பரவாமல் தடுக்கும் போர்வை.

ரப்பரை மாற்றினோம். அடுப்பை விட்டுத் தள்ளி, பின்னால் நாலு விரற்கடை இடம் விட்டோம். பிளக்கைக் கழற்றி, பின்புறக் கம்பிகளின் தூசியைத் துடைத்தோம். ஐஸைத் தானே உருக விட்டோம். கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகி கேஸ் போய்விடும். குளிர் திருகு 7-ல் இருந்தது. எண் கூடக் கூடக் குளிரும் செலவும் கூடும். பெரும்பாலும் நடு எண் போதும். இன்சுலினைப் பிரீசரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் வீண்.

குர்பானி இறைச்சியையும் மூட்டையாகத் திணிக்காமல் சிறு பைகளாகத் தட்டையாக வையுங்கள், சீக்கிரம் உறையும்.

கூட்டுக் குடும்பங்களுக்கு இன்னொன்று. 2022-ல் மாற்றிய கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விகிதம் கூடியது. அந்த எல்லையில் நிற்கிற வீட்டில் ஒரு கிழிந்த ரப்பரே தள்ளிவிடும்.

புதிது வாங்கியே ஆக வேண்டுமென்றால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று அதே ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். ஒரே அளவுப் பெட்டிகளில் அதை ஒப்பிடுங்கள்.

அந்தச் சகோதரி கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். இன்றிரவு உங்கள் வீட்டிலும் தாளை வைத்துப் பாருங்கள். வழுகி வந்தால், பிரிட்ஜின் மாடல் எண்ணை எழுதி அலுவலகத்தில் கொடுங்கள். ரப்பர் மாற்ற ஏற்பாடு செய்வோம்.