'நாம்' என்று சொல்லும்போது 'நான்' எங்கே?
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



பெண்கள் சுதந்திரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு சின்ன வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த வார்த்தை 'நாம்'.

'நாங்க சந்தைக்குப் போறோம்' என்றால் கேட்கிறவர் அதில் சேர்த்தி இல்லை. 'நாம போவோம்' என்றால் கேட்கிறவரும் சேர்த்தி. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். தமிழில் 'நாம்' என்று ஒருத்தர் சொன்னதுமே, நம்மைக் கேட்காமலே நம்மையும் உள்ளே சேர்த்துவிடுகிறார். ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மைக்கில் 'நாம்', 'நம்ம' என்று பேசுவது அதனால்தான். கேட்க நல்லாத்தான் இருக்கும்.

ஆனால் 'நம்ம ஊர்ல பொண்ணுங்களை வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைக்கிற வழக்கம் இல்லை' என்று சொல்லும்போதும் அதே 'நம்ம'தான். அந்த வழக்கத்தை முடிவு பண்ணினபோது எந்தப் பொண்ணைக் கேட்டார்கள்? பிறகு ஒருத்தி 'நான் படிக்கணும்' என்றால், 'நான் நான்னு பேசுறா பாரு, திமிரு' என்கிறார்கள். அவள் கேட்டது படிப்பு. பதிலாக வந்தது பட்டம்.

நம் அரசியல் சட்டத்தைப் பாருங்கள். 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் முகவுரை மக்களாகிய 'நாம்' என்றுதான் ஆரம்பிக்கிறது. ஆனால் உள்ளே உரிமையைக் கொடுக்கும்போது ஊருக்கோ சாதிக்கோ குடும்பத்துக்கோ மட்டும் கொடுத்து நிறுத்தவில்லை. 21-வது பிரிவு ஒவ்வொரு ஆளின் உயிரையும் சுதந்திரத்தையும் காப்பாற்றுகிறது. 1948 நவம்பர் 4-ல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், இந்தச் சட்டம் கிராமத்தை விட்டுத் தனி மனிதரை அடிப்படையாக எடுத்துக்கொண்டது தனக்குச் சந்தோஷம் என்றார். ஊர் 'நாங்கள்' என்று சொல்லும்போது யாரை வெளியே நிறுத்தும் என்று அவருக்குத் தெரியும். ஓட்டும் அப்படித்தான். வீட்டுக்கு ஒரு ஓட்டு இல்லை, ஆளுக்கு ஒரு ஓட்டு.

அந்த ஓட்டுக்குப் பேர் வேணும். முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. பட்டியல் எழுதப் போனபோது வடநாட்டில் நிறையப் பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் அம்மா என்றே சொன்னார்கள். அப்படிப் பேர் இல்லாததால் சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இடம் பெறவில்லை. 'எங்க வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்கிற பேச்சு இன்னைக்கும் நம்ம வாயில் வருதே, யோசித்துப் பாருங்கள்.

அப்போ 'நான்' மட்டும் போதுமா? போதாது. ஒருத்தி தனியாகப் பேங்குக்குப் போனால் ஈடு என்ன இருக்கு என்று கேட்பார்கள். குழுவாகப் போனால் நம்ம சேமிப்பும் ஒருத்திக்கு ஒருத்தி நிற்பதும்தான் ஈடு. தமிழ்நாட்டில் அரசு மூலமாக 1989-ல் தருமபுரியில் ஆரம்பித்தது இந்த வேலை. இங்கே 'நாம்' சேர்ந்ததால்தான் 'நான்' என்று ஒருத்தி சொந்தக் கையெழுத்துப் போட முடிந்தது.

ஆகவே 'நாம்' கெட்ட வார்த்தை இல்லை. ஒவ்வொருத்தியும் சம்மதித்துச் சேர்ந்த 'நாம்' பலம். மேலேயிருந்து ஒருத்தர் சொல்லி நம்மை அடக்கின 'நாம்' பூட்டு. இரண்டும் காதுக்கு ஒண்ணாத்தான் கேட்கும். 'என்னைக் கேட்டீங்களா?' என்று கேட்டால்தான் எது எது என்று தெரியும்.

அந்தக் கேள்வியை முதலில் நம்ம குழுவில் கேட்போம். தீர்மான நோட்டில் 'அனைவரும் ஒருமனதாக' என்று எழுதுகிறோம். மூலையில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சி வாய் திறந்தாளா? கடன் திரும்பாவிட்டால் அவள் தலையிலும் தானே விழும்? சும்மா இருப்பது சம்மதம் ஆகாது. அந்த வரியை எழுதும் முன்னால் ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லிக் கேட்போம். ஒருத்தி 'எனக்கு இதில் விருப்பமில்லை' என்றால் அதையும் நோட்டில் எழுதுவோம். அவள் குழுவுக்கு எதிரி இல்லை.

கூட்டம் கொஞ்சம் நேரமாகும். பரவாயில்லை. அதற்குப் பிறகு கிராம சபையில் போய் 'நாங்கள்' என்று நாம் சொல்லும்போது, அதில் ஒவ்வொருத்தி குரலும் இருக்கும்.