வாடகை வீடும் எழுத்து உறுதியும்

(லிங்கநகரில் நடைபெற்ற கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



திருகோணமலையில் அளவான வாடகைக்கு ஒரு வீடு தேடுவோர் படும் பாட்டை உங்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. துறைமுகமும், மாகாண நிர்வாகமும், ஆஸ்பத்திரியும், பல்கலைக்கழக வளாகமும் அமைந்த நகரம் இது. ஆசிரியரும் தாதியரும் எழுதுவினைஞரும் இடமாற்றம் பெற்று இங்கு வருகின்றனர். மூதூரிலும் தம்பலகாமத்திலும் வயல் செய்வோர், பிள்ளைகளின் படிப்புக்காக லிங்கநகரிலோ உவர்மலையிலோ ஓர் அறையாவது கிடைக்காதா என்று அலைகின்றனர். வீட்டின் பின்புறத்து அனெக்ஸுக்கும் ஓராண்டு முற்பணம் கேட்கப்படுகிறது. சம்பளக்காரர் கடன்பட்டுக் கொடுக்கிறார். கமக்காரரோ பெரும்போக நெல் களத்துக்கு வருமுன்பே அதற்கு விலை பேசிக் கொடுக்கிறார்.

இதற்குச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மீது குண்டு வீசிய அதே 1942ஆம் ஆண்டிலேயே வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்குவதையே தடுத்தது. ஆனால் 1980இல் செய்யப்பட்ட திருத்தம், அவ்வாண்டு ஜனவரி 1ஆந் திகதிக்குப் பின் கட்டி வாடகைக்கு விடப்பட்ட குடியிருப்பு வீடுகளை அச்சட்டத்திலிருந்து விலக்கிவிட்டது. போரிலே சிதைந்து மீண்டும் எழுந்த இந்நகரில், இன்று வாடகைக்குக் கிடைக்கும் வீடுகளில் அதற்கு முந்தியவை எத்தனை? எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, குடியிருப்பவருக்கு எஞ்சியிருக்கும் காவல் அவருடைய உடன்படிக்கை ஒன்றேயாகும். இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகின்றனர். இரண்டு ஆண்டுக்கென்று முத்திரை ஒட்டிய தாளில் இருவரும் கையொப்பமிட்டுவிட்டால் போதும் என்று எண்ணுகின்றனர். போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் நிறைவேற்றப்படல் வேண்டும். இல்லையேல், இரண்டு ஆண்டு என்று எழுதியிருந்தாலும் நீங்கள் மாதாந்த வாடகைக்காரரே. ஒரு மாத அறிவித்தல் போதும். பரீட்சைக் காலமானாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கொடுத்த முற்பணத்தில் மிச்சத்தை மீட்கத் தனி வழக்கு வேறு! முத்திரைத் தீர்வைக்கும் நொத்தாரிசு கட்டணத்துக்கும் அஞ்சி மிச்சம் பிடித்த பணம், முதல் தவணைக்கே போதாது.

வீட்டுச் சொந்தக்காரர் அனைவரையும் கொடியவர் என்று நாம் கூறவில்லை. ஓய்வூதியத்துடன் இரண்டு அறை வாடகையை நம்பி வாழும் மூதாட்டியும் சொந்தக்காரியே. பழைய சட்டத்தின் கீழ், வாடகைக்கு விட்ட வீட்டை மீட்கப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படியேறியவர்களும் உளர். அந்த அச்சத்தினாலேயே, வெளிநாட்டிலிருப்போரின் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. கறையான் மாத்திரம் வாடகையின்றிக் குடியிருக்கிறது. அவ்வச்சத்துக்கு இன்று இடம் குறைவு. குத்தகை முடிந்த வீட்டை விரைவான நடைமுறையில் மீட்க, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வழி செய்துள்ளது. எனவே முறையான உறுதி சொந்தக்காரருக்கும் நன்மையே.

சட்டம் அவருக்கு விரைவு தந்தது. குடியிருப்பவருக்கு என்ன தந்தது? விலக்கப்பட்ட வீடுகளுக்கும் முற்பண உச்சவரம்பு வேண்டும் என்பது நமது முதற் கோரிக்கை. அடுத்து, 1979இல் நிறுவப்பட்ட தேசிய வீடமைப்பு அதிகார சபை சொந்த வீட்டுக்குக் கடன் கொடுத்து வந்தது போல, இடமாறி வருவோருக்கும் மாணவருக்கும் மாத வாடகை வீடுகளைக் கட்டி விடுதல் வேண்டும். காணியில்லாதவருக்கு வீட்டுக் கடனால் என்ன பயன்?

இவற்றைப் பெறும்வரை உங்கள் கையிலுள்ள தாள்களைப் பார்ப்போம். வரும் ஞாயிறு காலை, உடன்படிக்கையையும் பணம் கொடுத்த பற்றுச்சீட்டுக்களையும் எடுத்துக்கொண்டு இதே இடத்துக்கு வாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாதவர்கள், அடுத்த மாத வாடகையை எழுத்தில் பெறாமல் கொடுக்க வேண்டாம். நமது சட்டத்தரணிகள் கட்டணமின்றி வாசித்துச் சொல்வார்கள்.