பாதிப் பள்ளிக்கூடம் வீட்டில்



இன்று உங்களுக்கு ஒரு வருஷத்தின் கதையைச் சொல்லப் போகிறேன். ஒரு பள்ளிக்கூடத்தின் வருஷம். அது ஜூன் மாதம் பிறக்கும். மே மாதம் முடியும்.

எந்தப் பள்ளிக்கூடம்? மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சிப் பக்கத்தில் சபையார் நடத்துகிற ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடம். அப்படி ஒன்றில் நான் பல வருஷம் வாத்தியாராக வேலை பார்த்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப் போவது எந்த நாள் பள்ளிக்கும் பொருந்தும்.

நாள் பள்ளி என்றால் என்ன? அங்கே விடுதி கிடையாது. பையன் காலையில் வருவான். மாலையில் வீட்டுக்குப் போவான். சாப்பாடு, தூக்கம், காய்ச்சல், அழுகை எல்லாம் வீட்டில்தான். அதனால் நான் ஒன்று சொல்வேன். நாள் பள்ளியில் பாதிப் பள்ளிக்கூடம் வீட்டில் இருக்கிறது. அந்தப் பாதியை நடத்துவது யார்? நீங்கள்தான்.

முதலில் கொஞ்சம் பழைய கதை.

ஃபோர்ட் கொச்சியில் செயின்ட் பிரான்சிஸ் ஆலயம் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதைக் கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். வாஸ்கோடகாமா 1524இல் கொச்சியில் இறந்தார். அவரை முதலில் அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆலயமும் கைமாறிக் கைமாறி, ஆங்கிலிக்கன் சபையிடம் வந்தது. ஆங்கிலிக்கன் சபை என்றால் இங்கிலாந்து நாட்டுத் திருச்சபை. 1947இல் அது வேறு சில சபைகளோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. சி.எஸ்.ஐ. என்று சொல்கிறோமே, அதுதான்.

அந்தச் சபையின் மிஷனரிமார் 1816 முதல் கேரளத்துக்கு வந்தார்கள். அவர்களில் ஒருவர் டாசன். அவர் 1818இல் நம் மட்டாஞ்சேரியில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் திறந்தார். கொச்சி அரசும் உதவி செய்தது. கொச்சி ராஜ்யத்தின் முதல் ஆங்கிலப் பள்ளி அதுதான் என்று சொல்வார்கள். எர்ணாகுளத்தில் இல்லை, நம் மட்டாஞ்சேரியில்! அந்தப் பள்ளி வெகுகாலம் நீடிக்கவில்லை. எர்ணாகுளத்தில் அரசு ஆங்கிலப் பள்ளி 1845இல்தான் வந்தது. அதுவே பிறகு மகாராஜாஸ் கல்லூரியாக வளர்ந்தது.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம் என்றாலே ஆண்பிள்ளைகளுக்குத்தான். பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் நினைக்கவில்லையா? நினைத்தார்கள். கோட்டயத்தில் 1819இல் ஓர் அம்மா பெண்களுக்காகப் பள்ளி தொடங்கினார். அவர் பெயர் அமேலியா பேக்கர். தஞ்சாவூரிலிருந்து வந்தவர். நம் தமிழ்நாட்டுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

சரி, வருஷத்துக்கு வருவோம்.

ஜூன் 1. பள்ளி திறக்கும் நாள். மழையும் அன்றுதான் வரும். இரண்டும் பேசி வைத்துக்கொண்டது போல வரும். புதுச் சட்டை, புதுக் குடை, நனைந்த புத்தகம். முதல் வகுப்புப் பையன் வாசலில் நின்று அழுவான். அவன் அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று அழுவாள்.

எட்டாம் வகுப்பு வரை பாடப்புத்தகம் இலவசம். மதியச் சோறும் எட்டாம் வகுப்பு வரை உண்டு. பத்தாம் வகுப்பு வரை சம்பளம் கட்ட வேண்டாம். வாத்தியாருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. ஆனாலும் ஜூன் மாதம் செலவு மாதம்தான். நோட்டு, பை, குடை, செருப்பு என்று கை காலியாகும்.

அடுத்து வருவதோ கர்க்கடகம். நம் ஆடி மாதம். மலையாளத்தில் அதைப் பஞ்ச மாதம் என்பார்கள். மழையில் கூலி வேலை இல்லை. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அது ஜூன் மாதம் தொடங்கி ஜூலை 31 வரை. சலவை வேலை செய்கிறவர்கள் வீட்டைக் கேட்கவே வேண்டாம். டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தாரின் துணி வெளுக்க வந்த தமிழ்க் குடும்பங்கள் என்று உங்களில் சிலரைச் சொல்வார்கள். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் இன்றும் துணி வெளுக்கிறீர்கள். வெயில் இல்லாமல் துணி எப்படிக் காயும்? துணி காயாமல் காசு எப்படி வரும்?

இந்த மாதத்தில்தான் முதல் பெஞ்சு காலியாகும். ஒரு பையன் வரமாட்டான். கேட்டால் காய்ச்சல் என்பார்கள். பல தடவை அது காய்ச்சல் அல்ல. நனைந்த சட்டை காயவில்லை. மாற்றுச் சட்டை இல்லை. வெட்கத்தினால் பையன் காய்ச்சல் என்று சொல்கிறான். இதை வாத்தியாரிடம் நேரே சொல்லுங்கள். சட்டைக்காக வகுப்பை விட்டு அனுப்புகிற வாத்தியார் வாத்தியாரே அல்ல.

ஆகஸ்டில் முதல் தேர்வு. ஓணப் பரீட்சை என்பார்கள். பிறகு பத்து நாள் லீவு. பூக்கோலம், ஊஞ்சல், சாப்பாடு. 2018இல் ஓணத்துக்கு முன்னால் பெரும் வெள்ளம் வந்தது நினைவிருக்கும். எத்தனையோ பள்ளிகள் அப்போது முகாம்கள் ஆயின. கரும்பலகைக்குக் கீழே ஜனங்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

ஓணம் முடிந்து புரோகிரஸ் கார்டு வரும். மார்க்கு எழுதிய அட்டை. அப்பாவோ அம்மாவோ அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இங்கே ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாம் வகுப்பு. கெட்டிக்காரன், ஆனால் கணக்கு வராது. அவன் அப்பா துணி தேய்க்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. கார்டில் கட்டைவிரல் ரேகை வைப்பார். "எவ்வளவு மார்க்குடா?" என்று கேட்பார். "நிறைய இருக்குப்பா" என்பான் இவன். அவரும் சந்தோஷமாக ரேகை வைப்பார். இரண்டு வருஷம் இப்படியே போனது.

அப்போது எர்ணாகுளம் மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. வீட்டு வாசலில், சங்கக் கட்டடத்தில், அரிக்கேன் விளக்கில் வகுப்பு நடந்தது. 1990 பிப்ரவரி 4 அன்று, எல்லோருக்கும் எழுத்து தெரிந்த மாவட்டம் என்று எர்ணாகுளத்தை அறிவித்தார்கள். பிரதமர் வி.பி.சிங் வந்திருந்தார். அடுத்த வருஷம், 1991 ஏப்ரல் 18 அன்று, கேரளம் முழுவதையும் அப்படி அறிவித்தார்கள். அந்த வகுப்பில் நம் ஆளும் உட்கார்ந்தார். எழுத்து கொஞ்சம் மெதுவாக வந்தது. எண் சீக்கிரம் வந்தது. துணிக் கணக்கு வைக்கிறவர் அல்லவா!

அடுத்த கார்டு வந்தது. கணக்கில் நூற்றுக்கு 9. அவர் அதைப் படித்தார். மறுநாள் காலையில் கார்டை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். நான் பயந்தேன். பையனை அடித்திருப்பாரோ என்று பார்த்தேன். அடிக்கவில்லை. கார்டை என் மேசை மேல் வைத்தார். கீழே கோணல்மாணலாகக் கையெழுத்து இருந்தது. "சார், போன வருஷமும் இப்படித்தானா? நீங்க ஏன் என்னைக் கூப்பிட்டுச் சொல்லலை?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. பள்ளிக்கூடங்கள் கூச்சப்பட வேண்டிய கேள்வி. ரேகை வைத்த கார்டு திரும்பி வந்தால் போதும் என்று ஒரு பழக்கம் இருந்தது. ரேகை வைத்தவருக்குக் கார்டில் என்ன இருக்கிறது என்று யாரும் படித்துச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பையன் தினமும் மாலையில் அப்பாவின் தேய்ப்பு மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். எத்தனை சட்டை, எத்தனை வேட்டி, ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று எழுதினான். அது பெருக்கல். அரைப் பரீட்சையில் 31 வாங்கினான். பெரிய மார்க்கு இல்லை. ஆனால் 9 அல்ல.

வீட்டில் பாதிப் பள்ளி இருக்கிறது என்றேனே, கொஞ்ச காலம் முழுப் பள்ளியுமே வீட்டுக்கு வந்துவிட்டது. கொரோனா வந்த 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சை பாதியில் நின்றது. மீதிப் பரீட்சையை மே மாதக் கடைசியில் முகமூடி போட்டு எழுதினார்கள். ஜூன் 1 அன்று விக்டர்ஸ் டி.வி.யில் பாடம் தொடங்கியது. சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன். அந்தப் போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். படிக்கத் தெரிந்த அம்மா இருந்த வீட்டில் பிள்ளை அவ்வளவாகப் பின்தங்கவில்லை. நான் கண்ணால் பார்த்தது இது.

அக்டோபர், நவம்பர் சுமாராகப் போகும். பள்ளி தன் பாட்டுக்கு நடக்கும். காலையில் மணி, பிரார்த்தனை, தேசிய கீதம். வருகைப் பதிவு காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை. வேதபாடம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு. மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் நீதிக் கதை. நம் பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்களோ என்று சிலர் கேட்பார்கள். என் வகுப்பில் இந்துப் பையன், முஸ்லிம் பையன், கிறிஸ்தவப் பையன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சண்டை போட்டதெல்லாம் பம்பரத்துக்காகத்தான்.

பிறகு கலோல்சவம். பள்ளிப் பிள்ளைகளின் கலைவிழா. முதல் மாநிலக் கலோல்சவம் 1957 ஜனவரியில் நம் எர்ணாகுளத்தில்தான் நடந்தது. அதில் தமிழில் செய்யுள் சொல்லும் போட்டியும் உண்டு. இது பல வீட்டுக்குத் தெரியாது. வகுப்பில் மலையாளம் தடுமாறும் பையன் தமிழில் கணீரென்று சொல்வான். உங்கள் பையனுக்குப் பாட்டு வருமென்றால் நீங்களே போய்ச் சொல்லுங்கள். வாத்தியாருக்கு அது தெரியாமல் இருக்கலாம்.

டிசம்பரில் அரைப் பரீட்சை. அதன்பின் கிறிஸ்துமஸ் லீவு. சபைப் பள்ளியில் நட்சத்திரம் கட்டுவார்கள், கேக் வெட்டுவார்கள். டிசம்பர் 31 இரவு ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞியைக் கொளுத்துவார்கள். பழைய வருஷத்தைக் கொளுத்துவதாகக் கணக்கு. நம் போகிப் பண்டிகை மாதிரி.

ஜனவரியில்தான் எனக்குப் பயம் அதிகம். ஏன்? பஜார் ரோட்டில் சரக்கு வரும் காலம் அது. இஞ்சி காய்ந்து சுக்காகி வரும். மிளகு வரும். கிட்டங்கிகளில் வேலை கிடைக்கும். மழை மாதத்தில் வாங்கிய கடனை வீடு அடைக்கும் சமயமும் அதுதான். பதினான்கு வயசுப் பையன் மூட்டைப் பக்கம் போய் நின்றால் கையில் காசு கிடைக்கும். "ஒரு மாசம்தானே, பரீட்சைக்கு வந்துவிடுவான்" என்பார்கள். என் அனுபவத்தில், ஜனவரியில் போன பையன்களில் பாதிப் பேர் மார்ச்சில் திரும்பி வரவில்லை. கையில் காசு பார்த்தவனுக்குப் பெஞ்சு முள்ளாகிவிடுகிறது. வருகை குறைந்தால் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுவதிலும் சிக்கல் வரும்.

அவன் அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது வாத்தியார் பேச்சு காதில் ஏறாது. ஆனால் ஒன்று செய்யலாம். உதவித்தொகைக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே விண்ணப்பம் கேளுங்கள். அதற்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். வில்லேஜ் ஆபீசில் கொடுப்பார்கள். பள்ளி நோட்டீஸ் பலகையில் கடைசித் தேதி எழுதி ஒட்டியிருப்பார்கள். முன்பு அந்தப் பலகையைத் தாண்டித் தலைகுனிந்து போவீர்கள். இப்போது நின்று படியுங்கள். புரியாவிட்டால் உள்ளே வந்து கேளுங்கள். நாற்காலி போடச் சொல்லுங்கள். பாதிப் பள்ளி உங்களுடையது அல்லவா!

மார்ச். பெரிய பரீட்சை. பள்ளியே அமைதியாக இருக்கும். வெயில் கொளுத்தும். பையனுக்கு மூளை டானிக் வாங்கித் தர வேண்டாம். இரவு பத்து மணிக்கு டி.வி.யை நிறுத்துங்கள். அது போதும்.

ஏப்ரலில் பள்ளியில் வாட்ச்மேனும் காக்கையும்தான். மே மாதத் தொடக்கத்தில் பாஸான பையன்களின் பெயர்ப் பட்டியலைப் பலகையில் ஒட்டுவார்கள். அப்பாமார் பையனைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முன்பெல்லாம் பையன்தான் பெயரைத் தேடுவான். அப்பா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். முகம் மலர்ந்தால் பாஸ். இப்போது அப்பாவே பட்டியலில் விரல் வைத்து மேலிருந்து கீழே வருகிறார். பையன் அப்பாவின் முகத்தைப் பார்க்கிறான்.

பெயர் இருந்தால் நேரே தையல்காரரிடம் போய்விடுங்கள். மே 15 தாண்டினால் அவர் ஜூன் 10க்குத்தான் தைத்துத் தருவார். இரண்டு சட்டை தைக்கச் சொல்லுங்கள். ஒன்று மழைக்கு. வளர்கிற பையன், கையை இரண்டு அங்குலம் கூடுதலாகவே வைக்கச் சொல்லுங்கள்.