மௌத் செய்தியும் ரோஜாப்பூவும்

 

நமது சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறோம். திரிங்காப்பில் ஒரு மௌத் என்றால், ஈப்போ உறவினர்கள் சிம்பாங் பூலாய், கம்போங் ராஜா வழியாக வரவேண்டும். கோலாலம்பூர்க்காரர்கள் தாப்பா, ரிங்லெட் வழியாக ஏறுவார்கள். இரண்டுமே மழைக்கு மண் சரிகிற சாலைகள். அடக்கத்தையோ தள்ளிப்போட முடியாது. ஜனாஸா தொழுகை ளுஹருக்குப் பிறகா அஸருக்குப் பிறகா, எந்தச் சாலை திறந்திருக்கிறது: இந்த இரண்டு வரிதான் அவர்களுக்குத் தேவை. அது ரோஜாப்பூப் படங்களுக்கும் மூலிகை வைத்தியத்துக்கும் தேர்தல் சண்டைக்கும் அடியில் கிடந்தால், வருகிறவர் கபுருக்கு மூன்று பிடி மண் போட முடியாமல் போகிறது.

அதனால்தான் சம்பந்தமில்லாததை நீக்குகிறோம். "நான் போட்டது நல்ல விஷயம்தானே" என்று சில சாச்சாமார்களுக்கு வருத்தம். நல்லதுதான், அதற்கென்றே இரண்டாவது குழு வைத்திருக்கிறோம். (ரோஜாப்பூவுக்கும் அங்கே தடையில்லை.) நீக்குமுன் தனியாக அழைத்துச் சொல்லிவிடுகிறோம், பலர் முன்னிலையில் யாரையும் கண்டிப்பதில்லை.

வதந்திக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. குழு நிர்வாகிகளுக்கும் பொறுப்புண்டு என்று மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-லேயே நினைவூட்டியது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் போயின. அந்தப் படங்கள் இன்றும் மழைக்கு மழை "இப்போதுதான்" என்று வந்து சேருகின்றன. ஆகவே சாலைச் செய்தி போடுகிறவர்கள் இடம், நேரம், நேரில் பார்த்தவர் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "மண் சரிவாம்" என்று மட்டும் எழுதினால், இன்றைக்கா போன வருஷமா என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருப்பதற்குள் மையித்தைத் தூக்கிவிடுவார்கள்.