அமுக்குவது பேயா, மூளையா?



நடுநிசியில் விழிப்பு வருகிறது, கைகால் அசைவதில்லை, நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவது போலிருக்கிறது. உடனே அமுக்குவான் பேய் என்கிறோம். மந்திரவாதிக்குப் பணம் போகிறது. பேய் மாத்திரம் போவதில்லை!

சிக்காகோ சர்வகலாசாலையில் நடந்ததைக் கேளுங்கள். 1951-இல் அசெரின்ஸ்கி என்ற மாணவர், முதற்பட்டங்கூடப் பெறாதவர், மூலையில் கிடந்த பழைய இயந்திரத்தைச் செப்பனிட்டு, உறங்கும் தம் 8 வயது மகனின் கண்ணசைவைப் பதிந்தார். மூடிய இமைக்குள் விழிகள் ஓடின! ஆசிரியர் கிளைட்மன் சீறவுமில்லை, அப்படியே நம்பவுமில்லை. தம் மகளையே உறங்கவைத்துச் சோதித்தார். அங்கும் ஓடின. 1953-இல் இருவரும் முடிவை வெளியிட்டனர். விழி ஓடும்போது 27 தடவை எழுப்பியதில் 20 தடவை கனவு சொன்னார்கள். ஓடாதபோது 23 தடவை எழுப்பியதில் 19 தடவை ஒன்றும் நினைவில்லை என்றார்கள்.

பிறகு பிரான்சில் ஜுவே என்பவர் பூனைகளைச் சோதித்து, இக்கனவுறக்கத்தில் தசைகள் தளர்வதையும், மூளையின் தண்டுப்பகுதியே அதை நடத்துவதையும் 1959-இல் காட்டினார். கனவில் ஓடுகிறவன் பாயைவிட்டு ஓடாதிருப்பது இதனால்தான். சிலசமயம் அறிவு முந்தி விழிக்கிறது. தசைக்கட்டு பிந்தி அவிழ்கிறது. அந்த இடைநேரத்துக்குத்தான் நாம் பேய் என்று பேர் வைத்தோம்!

ஆகவே தோழர்களே, அடுத்தமுறை அமுக்கினால் சற்றுப் பொறுங்கள், தானே விடும். அடிக்கடி வந்தால் வைத்தியரிடம் போங்கள். நாம் சொல்வதற்காகவும் நம்பவேண்டாம். மாணவன் சொன்னதை அந்த ஆசிரியர் சோதித்ததுபோல, தாயத்து விற்கிறவனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: "காட்டு, பார்க்கிறோம்!"