பதலிப் புரொபஸர்



மில்லில் பதலி என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதலி நம் சர்க்கார் கலைக் கல்லூரியிலும் உண்டு. அங்கே அவருக்குக் கௌரவ விரிவுரையாளர் என்று பெயர். கௌரவம் பெயரோடு சரி!

பொருளாதாரம் போதிக்க உதவிப் பேராசிரியராக வேண்டுமானால் எம்.ஏ.யில் நூற்றுக்கு 55 மார்க் வேண்டும். தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 50 போதும். அதற்குமேல் நெட் அல்லது செட் என்ற தகுதிப் பரீட்சை, இல்லையேல் டாக்டர் பட்டம். பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பரீட்சை. பதலியாக நிற்பவர்களில் நெட் தேறியவர்கள், டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் பலர்.

இனி சம்பளத்தைப் பாருங்கள். நிரந்தரமானவருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் மாதம் ரூ.57,700. வருஷத்துக்கு ரூ.6,92,400, பஞ்சப்படி தனி. பதலிக்கு 2024-இல் கொடுத்தது மாதம் ரூ.25,000, அதுவும் 11 மாதத்துக்குத்தான். மே மாதம் சம்பளமில்லை. ஆக, ரூ.2,75,000. பாதிகூட இல்லை! இத்தனைக்கும் பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே ஒரு வகுப்புக்கு ரூ.1,500, மாதம் ரூ.50,000 வரை கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை. பொருளாதாரப் பாடத்தில் கூலியைப் பற்றி ஒரு தத்துவம் உண்டு. கடைசியாக வேலைக்கு வந்த ஆள் எவ்வளவு கூடுதலாக விளைவிக்கிறானோ, அதற்கு ஈடாகக் கூலி அமையுமாம். நான் பத்தாவது படித்தவன், தத்துவத்தோடு மல்லுக்கு நிற்கவில்லை. ஆனால் ஒரே கரும்பலகை, ஒரே பாடம், அதே மாணவர்கள். கூலி மட்டும் இரண்டு! இதை மாணவருக்கு எப்படி விளக்குவார் அந்த வாத்தியார்?

நமக்கென்ன என்று கேட்காதீர்கள். தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாத நம் பிள்ளைகள்தாம் அங்கே படிக்கிறார்கள். அடுத்த வருஷம் இருப்போமா என்று தெரியாதவர் மூன்று வருஷப் படிப்புக்குப் பொறுப்பேற்பது எப்படி? சாயங்காலம் டியூஷனுக்கு ஓடுகிறவரிடம் மாணவன் எப்போது சந்தேகம் கேட்பான்?

2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு வாரியம் அறிவித்தது. பரீட்சை தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் புதிய அறிவிப்பு வந்தது, இடங்கள் 2,708. காத்திருந்தவர்களுக்கு வயது மட்டும் கூடிற்று.

உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில் பொருளாதாரத் துறைக்கு அனுமதித்த இடங்கள் எத்தனை, காலி எத்தனை, பதலி எத்தனை? 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கே வாருங்கள், எழுதித் தருகிறோம்.